சிலுவை முத்திக்குக் கடைசி ஆள்

ரத்தம் கொடுக்கத்தான் வந்திருக்கிறீங்களா தங்கச்சி? கையை இப்படிப் பிசைகிறீங்களே, அதைப் பார்த்துத்தான் கேட்டேன். பயப்படாதீங்க. எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று உள்ளே சொல்லுவார்கள். அது பொய். எறும்பைவிடக் கூடத்தான் வலிக்கும். ஆனால் தாங்கலாம். பிள்ளை பெற்றவளா? அப்படியென்றால் இது ஒன்றுமே இல்லை.

யாருக்காகக் கொடுக்கிறீங்க? கொழுந்தனாருக்கா? இதயத்தில் ஆபரேஷனா? அடப் பாவமே. பேரைச் சொல்லுங்க, என் ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன். குமரகுருவா? சரி. எங்க ஆண்டவரிடம் அந்தப் பேரைச் சொன்னாலும் கேட்பார். அவருக்கு எல்லாப் பேரும் தெரியும்.

இல்லை, பையை எடுக்க வேண்டாம். நமக்கு நடுவிலே இருக்கட்டும். உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்லுகிறேன்.

நான் கொடுக்க வரவில்லை. என்னிடம் வாங்க மாட்டார்கள். அந்தப் பச்சைக் கதவு தெரிகிறதா, அதற்குள் நர்மதா என்று ஒரு பொண்ணு இருக்கிறாள். கவுன்சிலர். எலெக்‌ஷன் கவுன்சிலர் இல்லை, நமக்கு எடுத்துச் சொல்லுகிற கவுன்சிலர். அவளைப் பார்க்க வந்திருக்கிறேன். டீ குடிக்கப் போயிருக்கிறாள். வரட்டும், எனக்கு என்ன அவசரம்? வீட்டில் யாரும் காத்துக்கொண்டு இல்லை.

உங்களுக்கு எங்க ஊர் தெரியாது, எங்க ஊருக்கு உங்களைத் தெரியாது. அதனால்தான் சொல்லுகிறேன். இதுவரைக்கும் ஒரு உயிரிடம் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. இது பாவமா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை, அப்புறம் எப்படிச் சொல்ல?

தவக்காலம் தெரியுமா? எங்க ஆட்கள் ஈஸ்டருக்கு முன்னால் விரதம் இருக்கிற காலம். மீன் விடுவார்கள், கறி விடுவார்கள், சில ஆம்பளைகள் பிராந்தியை விடுவார்கள், ஈஸ்டர் அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். இந்த வருஷம் எங்க பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். மீனை விட்டு என்ன ஆகப்போகிறது, மீனுக்குத்தான் லாபம், இந்தத் தவக்காலத்துக்கு ரத்தம் கொடுங்க என்றார். ஆசீர் சாமி எப்போதும் அப்படித்தான், சிரிக்க வைத்தே காரியத்தைச் சொல்லிவிடுவார்.

எனக்கு அது நெஞ்சில் போய் விழுந்தது. எங்க வீட்டுக்காரர் லாரி இடித்துக் கிடந்தபோது யார் யாரோ வந்து ரத்தம் கொடுத்தார்கள். பேர் தெரியாது, முகம் தெரியாது. அவர் பிழைக்கவில்லை. ஆனால் அந்த ரத்தம் இருந்ததால்தான் இரண்டு நாள் கண் திறந்து பார்த்தார். மகன் அல்போன்ஸ் மஸ்கட்டிலிருந்து வந்து சேருகிற வரைக்கும் இருந்தார். அதை நான் எப்படித் திருப்பிக் கொடுக்க? கொடுத்தவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. வேறு யாருக்காவதுதான் கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம், இல்லையா?

கோயில் மண்டபத்தில் கட்டில் போட்டார்கள். எட்டாம் வகுப்பு படித்தவள்தான் நான், ஆனாலும் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். மஞ்சள்காமாலை வந்திருக்கிறதா? இல்லை. ஆபரேஷன் உண்டா? இல்லை. முதல் கட்டிலில் கஸ்பார் வாத்தியார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், கோயிலில் வாசகம் வாசிக்கிறவர், எதிலும் அவர்தான் முதல். அடுத்தது நான். எனக்கு இந்தப் பக்கம் விக்டோரியா, எங்க அன்பியத்துச் செயலாளர். அன்பியம் என்றால் தெருக்காரர்கள் சேர்ந்து வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லுகிறது. அவளுக்கு அந்தப் பக்கம் இன்னாசி, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். ஊசி குத்தினவுடன் அவன் விக்டோரியாவைப் பார்த்து, "யக்கா, உன் ரத்தம் யாருக்காவது ஏறுச்சுன்னா அவன் எந்திரிச்சு உக்காந்து கணக்குக் கேப்பாம்" என்றான். வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார். நாங்கள் நான்கு பேரும் அப்படிப் படுத்துக்கொண்டு சிரித்தோம். அன்றைக்குத்தான் கடைசியாகச் சிரித்தோம் என்று வையுங்க.

அப்புறம் ஒரு நாள் போன் வந்தது. நேரில் வாங்கம்மா, கொஞ்சம் பேச வேண்டும் என்று. இந்தப் பச்சைக் கதவுதான். நர்மதா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "அமலோற்பவம்மா, உங்களுக்கு எப்பவோ கல்லீரலைத் தாக்குற ஒரு கிருமி வந்திருக்கு. ஹெப்பட்டைட்டிஸ் பி. உங்க உடம்பே அதை விரட்டிருச்சு. இப்ப கிருமி இல்ல. வந்துட்டுப் போன தடம் மட்டும் ரத்தத்தில இருக்கு. அதனால உங்க ரத்தத்தை இன்னொருத்தருக்கு ஏத்த மாட்டோம்."

எனக்கு மஞ்சள்காமாலை வந்ததே இல்லையே என்றேன். பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது, காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும் என்றாள். எப்படி வந்தது என்றேன். சின்ன வயதில் போட்ட ஊசியாக இருக்கலாம், பிரசவத்திலாக இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றாள். அப்போது அவள் கண் என் முழங்கையில் விழுந்தது. இதோ பாருங்க, பச்சை குத்தின சிலுவை. பூண்டி மாதா கோயில் திருவிழாவில் எங்க அம்மா மடியில் வைத்துக் குத்தினது. ஒரே ஊசியால் எத்தனை பேருக்குக் குத்தினாளோ. இதாலயும் வந்திருக்கலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லலாமா அப்படி? சிலுவையால் நோய் வருமா? சின்னப் பொண்ணு, அறியாமல் சொல்லுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

நல்லவள்தான். ஆறுதலாகப் பேசினாள். ரத்தம் கொடுக்க வருகிறவர்களைச் சோதித்துப் பார்த்தால் இந்தத் தடம் உள்ளவர்கள் நாம் நினைப்பதைவிட ரொம்பப் பேர் இருக்கிறார்கள், தெரியாமலே இருக்கிறார்கள் என்றாள். "உங்க ஊர்லயே நீங்க மட்டும் இல்லம்மா. பேர் சொல்லக் கூடாது, அதான் சொல்லல" என்றாள். எனக்குத் தெரியாதா? அழுகிற பொம்பளையை வேறு எப்படித் தேற்றுவார்கள்? இழவு வீட்டில்கூட, உனக்கு மட்டுமா வந்தது என்றுதான் சொல்லுவோம். எங்க ஊரில் அப்படி யாரும் கிடையாது. இருந்தால் தெரியாமலா இருக்கும்? எங்க ஊரில் ஒருத்தர் தும்மினால் அடுத்த தெருவில் மிளகு ரசம் வைப்பார்கள்.

யாருக்கும் ஒட்டாது, தொடலாம், சமைக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம் என்று எல்லாம் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஆனாலும் எடுத்து வைத்தேன். யாராவது வந்தால்?

வரப்போகிறவள்தான் இருந்தாளே. என் மகள் ஜெசிந்தா. திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. முதல் பேறு தாய்வீட்டில்தானே. மாப்பிள்ளை வீட்டிலும் அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். அறைக்கு வெள்ளை அடித்தேன். எங்க வீட்டுக்காரர் வேட்டி எல்லாவற்றையும் துவைத்து, பிள்ளைத்துணிக்குக் கிழித்து, மடித்து வைத்திருந்தேன். பழைய வேட்டித் துணி மாதிரிப் பிள்ளைக்கு மெத்தென்று எதுவும் வராது. அவர் தூக்காவிட்டாலும் அவர் வேட்டியிலாவது கிடக்கட்டுமே என்று.

யோசித்துப் பாருங்க. நான்தான் அவளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும். நான்தான் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். வாயால் ஊதி மூக்கு எடுக்க வேண்டும். நேற்றுப் பிறந்த பிள்ளை. கிருமி இல்லை, தடம்தான் இருக்கிறது என்கிறார்கள். பாம்பு போன தடத்தில் பிள்ளையைப் படுக்கப் போடுவோமா?

சம்பந்தி அம்மாவுக்கு நானே போன் போட்டேன். கக்கூஸ் இடிந்து விழுந்துவிட்டது, கொத்தனார் வரவில்லை, இங்கே வசதிப்படாது, அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நல்ல கக்கூஸ்தான். போன வருஷம்தான் டைல்ஸ் போட்டது. அந்த அம்மா, "முதப் பிள்ளைக்கு வீட்டுல எடம் இல்லைன்னு சொல்ற தாய இப்பதான் கேள்விப்படுதேன்" என்றார்கள். சொல்லட்டும். சொல்ல வேண்டியதுதானே.

ஜெசிந்தாவிடம் போனைக் கொடுத்தார்கள். அவள் "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அல்போன்ஸ் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். ஏம்மா அப்படிச் சொன்னீங்க, நான் பணம் அனுப்புகிறேன், பாத்ரூமைக் கட்டுங்க என்றான். அவன் எல்லாவற்றுக்கும் பணம் அனுப்புகிறேன் என்பான், பாவம், அவனால் ஆனது அது. நான், சரிப்பா, நீ நேரத்துக்குச் சாப்பிடு என்றேன்.

என் வீட்டுக் கதை அப்படி. ஊரிலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது அந்தத் தவக்காலம். என்ன என்று தெரியவில்லை, ஆட்கள் மாறிவிட்டார்கள். எங்க ஊரில் வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். கோயில் தம்ளரில்தான் எல்லாரும் குடிப்போம். கஸ்பார் வாத்தியார் வீட்டிலிருந்து தனித் தம்ளர் கொண்டுவந்தார். பென்ஷன் கூடினவுடன் கௌரவம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். விக்டோரியா அன்பியத்தில் டீ போடுகிறதை விட்டுவிட்டாள். கையில் சேற்றுப்புண்ணாம். சேற்றில் இறங்கி அவள் எந்தக் காலத்தில் வேலை செய்தாள்? சோம்பல். இன்னாசிக்கு நல்ல இடம் ஒன்று அமைந்திருந்தது, வடக்கன்குளத்துப் பொண்ணு. இந்த வருஷம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டானாம். ஐஸ் கம்பெனியில் யாரையோ பார்த்து வைத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவனவனுக்கு ஆயிரம் யோசனை. மனதில் ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு நடமாடுகிறது என்றால் என்ன என்று இவர்களுக்கெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். பொறாமைகூட வந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால், குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் ஜெசிந்தாவுக்குப் பொண்ணு பிறந்தது. மாப்பிள்ளைதான் சொன்னார். போட்டோ அனுப்பினார். இதோ. நெற்றியைப் பாருங்க. அப்படியே எங்க வீட்டுக்காரர் நெற்றி. பெரிய நெற்றி. போனைத் தொட்டால் படம் பெரிதாகும், தொடுங்க, பரவாயில்லை.

இல்லை, நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் பெரிய வெள்ளி வந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், வளைத்து வளைத்து எங்கேயோ போய்விட்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை எங்க ஆண்டவர் இறந்த நாள். அன்றைக்குக் கோயிலில் மணி அடிக்காது, பூ இருக்காது. சாமி பெரிய மரச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஊர் முழுக்க வரிசையாகப் போய் முழங்காலிட்டு ஆண்டவர் பாதத்தில் முத்தி செய்ய வேண்டும். முத்தி என்றால் முத்தம், வாயால்தான். ஒவ்வொருத்தர் முத்தி செய்ததும் கோயிலில் எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளை சேசடியான் ஒரு வெள்ளைத் துணியால் துடைப்பார். கொரோனா சமயத்தில் தலை வணங்கினால் போதும் என்றார்கள். இப்போது பழையபடி ஆகிவிட்டது. அன்றைக்கு முத்தி செய்யாமல் வீட்டுக்குப் போனால் அந்த வருஷம் வீட்டுக்கு விளக்கு இல்லை.

எனக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க அதே நினைப்புதான். நான் வாய் வைத்த இடத்தில் அடுத்து வருகிறவர்கள் வாய் வைப்பார்கள். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் வாயை வைத்து எடுப்பார்கள். சேசடியான் துடைக்கிறாரே என்றால், எல்லாருக்கும் ஒரே துணிதானே. போகாமல் உட்கார்ந்திருந்தாலோ, ஏன் போகவில்லை என்று ஊரே கேட்கும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைசி ஆளாகப் போவது. எனக்குப் பின்னால் யாரும் இல்லையென்றால் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆண்டவருக்கு ஒட்டாது. அவர் குஷ்டரோகியையே தொட்டவர்.

கோயில் வாசலுக்குப் பக்கத்தில் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். வரிசை மெதுவாகக் குறைந்தது. பாட்டுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் போய்விட்டார்கள், இனி நான்தான் என்று அடி எடுத்து வைக்கப் போகிறேன், பின்னால் ஒரு செருமல். திரும்பினால் கஸ்பார் வாத்தியார்.

எதிலும் முதல் ஆள் என்று சொன்னேனே, அவர்.

"நீங்க முன்னால போங்க வாத்தியாரே" என்றேன்.

"நீ போம்மா. பொம்பளையாட்கள் முதல்ல."

"ஆம்பளையாட்கள் வரிசை அந்தப் பக்கம்லா?"

"அங்க ஃபேன் இல்ல" என்றார்.

ஃபேனே அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சரி, வயதாகிவிட்டது என்று பேசாமல் நின்றேன். அவரும் நின்றார். பார்த்தால் அடுத்த தூணுக்குப் பின்னால் விக்டோரியா. நீ போ என்று கை காட்டினேன். முழங்கால் வலி, மெதுவாக வருகிறேன், நீ போக்கா என்று அவள் எனக்குக் கை காட்டினாள். அவளுக்கும் பின்னால், வாசப்படியில் செருப்பு விடுகிற இடத்தில் இன்னாசி.

"ஏலே, நீயாவது போ" என்றார் வாத்தியார்.

"நான் சின்னவன் சார். பெரியவங்க போங்க."

"சின்னவன்னா முன்னால போணும்லே."

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா சார்."

"ஒனக்கா?"

வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். யாரும் அசையவில்லை. நான் போகலாம் என்றால் எனக்குப் பின்னால் மூன்று பேர். மூன்று உயிர். என் காலே நகரவில்லை. இவர்களைப் பாருங்க, வயதான விதவை என்று எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள், இவர்கள் மரியாதையே என்னைக் கொல்லுகிறதே என்று நினைத்தேன். பாட்டு முடிந்துவிட்டது. பாட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதுவும் முடிந்தது. மறுபடி ஆரம்பித்தார்கள். சேசடியான் அந்தத் துணியை ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி ஆட்டினார். சிலுவை பாரம். சாமி கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்.

கடைசியில் சாமியே சிலுவையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் நடந்து வந்துவிட்டார். அப்படி அவர் வந்ததே கிடையாது. பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், "என்னம்மா இது? பந்திக்கா வந்திருக்கீங்க, ஆளாளுக்கு உபசாரம் பண்ணிக்கிட்டு நிக்கீங்க?" என்றார்.

நான் முழங்காலிட்டேன். என்ன செய்ய என்று தெரியவில்லை. ஆண்டவர் பாதம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அந்த ஆணி. அந்தக் காயத்தில் பூசின சிவப்பு வண்ணம், இத்தனை வருஷ முத்தத்தில் தேய்ந்து மரம் தெரிகிறது. விரல் நுனியால் தொட்டேன். விரலை என் வாயில் வைத்துக்கொண்டேன். எழுந்துவிட்டேன்.

அடுத்து வாத்தியார் முழங்காலிட்டார். அவரும் விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டார். விக்டோரியாவும் அப்படித்தான். இன்னாசியும் அப்படித்தான். ஒருத்தர்கூட வாய் வைக்கவில்லை. சேசடியான் துணியை விரித்தபடி நின்றார், துடைக்க ஒன்றும் இல்லை. நான் செய்ததைப் பார்த்து, இதுதான் இந்த வருஷத்து முறை போல என்று நினைத்துக்கொண்டு செய்திருப்பார்கள், பாவம். சாமி எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்குத் திரும்பினார்.

நான்கு பேரும் ஒரே தெருதான். ஒன்றாகத்தான் நடந்தோம். ஆளுக்கு ஆள் இடம் விட்டு நடந்தோம். வழக்கமாக விக்டோரியா வாய் மூடாது. அன்றைக்குப் பேசவில்லை. பெரிய வெள்ளி, ஆண்டவர் சாவுக்குத் துக்கம் என்று நினைத்தேன். என் வீட்டு வாசலில், வருகிறேன் என்று சொன்னேன். மூன்று பேரும் நின்றார்கள். உள்ளே வாங்க, காப்பி போடுகிறேன் என்று கூப்பிட்டிருக்க வேண்டும். எங்க ஊர் வழக்கம் அதுதான். எப்படிக் கூப்பிட? என் வீட்டுத் தம்ளரில் எப்படிக் கொடுக்க? கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்கள் காலடி நகர்ந்தது.

அவ்வளவு தனியாக நான் எங்க வீட்டுக்காரர் செத்த அன்றைக்குக்கூட இருந்ததில்லை தங்கச்சி.

மெதுவாகப் பேசுங்க. திரும்ப வேண்டாம். அந்தக் கோடியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், நியூஸ் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறாரே, கட்டம் போட்ட சட்டை. அவர்தான் கஸ்பார் வாத்தியார். நான் வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. என்னைப் பார்த்துவிட்டார். நானும் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி இருக்கிறோம். யாருக்கு என்ன நோவோ. அவர் வீட்டம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஆஸ்பத்திரியில் ஊர்க்காரரைப் பார்த்தால் சங்கடம்தானே, நாம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

என்ன சொல்லுகிறீங்க?

வாத்தியாருக்கா?

சேச்சே. அப்படிச் சொல்லாதீங்க. அவர் எவ்வளவு சுத்தமான மனுஷன். பேனாவைக்கூட இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டார். அவருக்கெல்லாம் இது வராது. எனக்கு வந்திருக்கிறது என்றால் நான் எங்கேயோ எதிலோ தவறியிருக்கிறேன். அவரைப் போய் இதில் சேர்க்கலாமா? நீங்க எங்க ஊர் இல்லை, உங்களுக்குத் தெரியாது.

நான் எதற்கு வந்தேன் என்று கேட்டீங்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். மாப்பிள்ளை போன் போட்டார். ஜெசிந்தாவிடம் கொடுங்க என்றேன். வாங்கினாள். "வந்தா வாங்க" என்றாள். மரியாதையாகப் பேசுகிறாள் என்னிடம், வாங்க போங்க என்று. சின்னப் பிள்ளையிலிருந்து என்னை வா போ என்று கூப்பிட்டவள்.

அதுதான் நர்மதாவிடம் கேட்க வந்தேன். பிள்ளையை நான் தூக்கலாமா என்று.

கேட்டாயிற்று. போன வாரமே கேட்டுவிட்டேன். அதற்கு முந்தின தடவையும் கேட்டேன். தாராளமாகத் தூக்குங்க, கொஞ்சுங்க, முத்தம் கொடுங்க, சோறு ஊட்டுங்க, உங்களால் பிள்ளைக்கு ஒன்றும் வராது, பிள்ளைக்குப் பிறந்தவுடனே இந்தக் கிருமிக்குத் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள் என்றாள். அன்றைக்கு டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து சொல்ல வைத்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, அம்மா, நீங்க எங்களைவிட ஆரோக்கியமா இருக்கீங்க என்றார்.

அப்புறம் ஏன் மறுபடி வந்திருக்கிறேன் என்றுதானே பார்க்கிறீங்க?

அவர்கள் சொல்லுவது பொய்யாக இருந்துவிட்டால் நல்லது என்று இருக்கிறது, தங்கச்சி. ஒரு தடவையாவது, கொஞ்சம் கவனமாகவே இருங்கம்மா, என்று சொல்லிவிட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும். இவர்கள் சொல்லுவது நிஜம் என்றால், அன்றைக்கே முதல் நாளிலேயே நிஜம். அன்றைக்கே நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வலி எடுத்தபோது கையைப் பிடித்திருக்கலாம். நல்ல கக்கூஸை இடிந்தது என்று சொல்லி, நிறைமாதப் பிள்ளையை வேண்டாம் என்று தள்ளினேனே, எதற்காக? நோய் இருந்தால் நான் காப்பாற்றினேன். நோய் இல்லையென்றால் நான் என்ன செய்தேன்? அதைத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்க வருகிறேன், வேறு ஏதோ கேட்டுவிட்டுப் போகிறேன்.

உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். போங்க. நன்றாக மூச்சு விடுங்க, கையைத் தளர்த்திக்கொள்ளுங்க. இன்னொன்று. ஒருவேளை, ஆண்டவர் கிருபையால் ஒன்றும் இருக்காது, ஒருவேளை உங்களையும் போன் போட்டுக் கூப்பிட்டு இப்படி ஏதாவது சொன்னார்கள் என்றால், அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்க. சோறு பொங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுங்க. ஒரு நாள் தள்ளினால் அப்புறம் வாய் வராது.

நானா? நான் இருக்கிறேன். மத்தியானம் பிள்ளை தூங்கும், அப்போதுதான் ஜெசிந்தா போன் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். அதைச் சொல்லிவிடுவேன். மற்றதைச் சொல்ல எனக்கு வராது, நானாக ஆரம்பிக்க வராது. அன்றைக்கு அவள் சரிம்மா என்று வைத்துவிட்டாளே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்னை வேண்டாம் என்றாய் என்று அவள் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். திட்டிக்கொண்டே கேட்டாலும் சரி. மற்ற எல்லாருக்காகவும் விதவிதமாக ஜெபிக்கிறேன், உங்க கொழுந்தனாருக்காகவும் ஜெபிப்பேன். எனக்காக இது ஒன்றுதான் கேட்கிறேன்.